ஹோஷங்காபாத்தின் முப்பது ஆண்டுகள்: மனப்பாடம், செய்முறை, தேர்வு

2002ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், புதிய கல்வியாண்டின் தொடக்கத்திலேயே, மத்தியப் பிரதேச அரசு ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தை நிறுத்தியது. 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அத்திட்டம், நிறுத்தப்பட்டபோது மாநிலத்தின் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில், பல நூறு பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலை ஒப்பிக்காமல் செய்து பார்த்துக் கற்கலாம் என்பதை நகரத்து முன்மாதிரிப் பள்ளி எதுவும் காட்டவில்லை. கூரை ஒழுகும் கிராமத்து அரசுப் பள்ளிகள் முப்பது ஆண்டுகள் காட்டின. அதை நிறுத்தும்போது எடுத்துவைக்கப்பட்ட வாதங்களுள் முதன்மையானது, அம்மாவட்டத்தின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம். எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் ஒரு திட்டத்தைப் பத்தாம் வகுப்பின் அளவுகோலால் அளப்பது எப்படி நியாயமாகத் தோன்றியது என்று கேட்டால், விடை 1972க்கு வெகு முன்னால் இருக்கிறது.

மனப்பாடக் கல்வியைப் பற்றி இரண்டு கதைகள் வழக்கில் உள்ளன. மனப்பாடம் நம் பழைய நோய், செய்முறை மேலைநாட்டு மருந்து என்பது ஒன்று. நம் பழைய கல்வி முழுவதும் அனுபவமே, வெள்ளையர் வந்து அதை ஒப்பித்தலாகக் கெடுத்தனர் என்பது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மைகள். சொற்களே முதல் கதைக்குச் சான்று கூறுவது போல் தோன்றும். 'பாடம்' என்னும் சொல்லின் வடமொழி மூலமே ஓதுதலைக் குறிப்பது. 'உருப்போடுதல்' மந்திரத்தை எண்ணி எண்ணிச் சொல்லும் வழக்கத்தோடு உறவுடையது. ஆயினும் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் கணக்குக் கல்வியை ஆராய்ந்த செந்தில் பாபு போன்றோர் காட்டும் சித்திரம் வேறு. அங்கே எண்சுவடியையும் பொன்னிலக்கத்தையும் நெல்லிலக்கத்தையும் பிள்ளைகள் ஓயாமல் உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றினார்கள் என்பது மெய். ஆனால் அந்த நினைவு ஒரு கருவி. நெல் அளக்கும் இடத்திலும் பொன் நிறுக்கும் இடத்திலும் நிலம் அளக்கும் இடத்திலும் அது உடனடியாகப் பயன்பட்டது. மனப்பாடமும் உலகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அந்தத் திண்ணையில் யார் அமரலாம், யார் அமரக்கூடாது என்பது தனிக் கேள்வி. அந்த விலக்கலை மறந்துவிட்டு அப்பள்ளியைப் போற்ற இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தத் தொடர்பை அறுத்தது. அதை எந்த ஒரு தனிமனிதரின் குறிப்பும் செய்துவிடவில்லை. மெக்காலேயின் பெயர் இவ்விடத்தில் தேவைக்கு மேல் அடிபடுகிறது. அடுத்தடுத்து வந்த மூன்று நிர்வாக ஏற்பாடுகளே அதைச் செய்தன. 1844இல் ஹார்டிஞ்சின் தீர்மானம் அரசுப் பணிக்கு ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு முன்னுரிமை தந்தது. 1854இல் வுட்டின் அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு மானியமும் அதைக் கண்காணிக்க ஆய்வாளர்களும் என்ற முறையை நிறுவியது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு பல்கலைக்கழகங்கள் எழுந்தன. தொடக்கத்தில் அவை எவருக்கும் பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்தின, பட்டம் அளித்தன, அவ்வளவே. கற்பிக்காமல் தேர்வு மட்டும் வைக்கும் ஓர் அமைப்பு நாட்டின் கல்வி உச்சியில் அமர்ந்தது என்பது நாம் போதிய அளவு வியந்து பார்க்காத செய்தி. உச்சியில் வினாத்தாள் இருக்கும்போது, அடியில் உள்ள ஒவ்வொரு வகுப்பும் அதை நோக்கியே சாயும்.

இதோடு 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' என்னும் முறையும் சேர்ந்தது. இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த விதியின் வழிவந்தது இது. ஆய்வாளர் வரும் நாளில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்கேற்பப் பள்ளிக்குப் பணம். சென்னை மாகாணத்திலும் அது நடைமுறையில் இருந்தது. சம்பளம் ஆய்வாளரின் ஒருநாள் வருகையில் தொங்கும்போது, எந்த ஆசிரியர் பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துச் சென்று தவளையின் வளர்ச்சியைக் காட்டுவார்? குறிப்பிட்ட பாடநூலின் குறிப்பிட்ட பக்கத்தை ஒப்பிக்க வைப்பதே அறிவுடைமை. கிருஷ்ண குமார் இதைப் 'பாடநூல் பண்பாடு' என்று பெயரிட்டு விளக்கியிருக்கிறார். தான் எழுதாத நூலைத் தான் வைக்காத தேர்வுக்காக நடத்தும் ஆசிரியர், வகுப்பறைக்குள் சர்வாதிகாரியாகவும் அதிகாரிகளின் முன் எளிய ஊழியராகவும் ஒரே சமயத்தில் வாழ நேர்ந்தது. மனப்பாடத்தை ஆசிரியரின் சோம்பலாகக் காண்போர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இதற்கு எதிரான குரல்களில் தாகூரின் குரல் அனைவரும் அறிந்தது. 1918இல் அவர் எழுதிய கிளிக்கதையில் அரசன் ஒரு பறவைக்குக் கல்வியளிக்க ஆணையிடுகிறான். பொற்கூண்டு வருகிறது, பண்டிதர்கள் வருகிறார்கள், சுவடிகள் மலையாகக் குவிகின்றன. பறவையின் வாயில் ஏடுகள் திணிக்கப்படுகின்றன. கடைசியில் பறவை இறந்துபோகிறது. கூண்டுக்கும் பண்டிதருக்கும் மேற்பார்வையாளருக்கும் பணம் பெருகிக்கொண்டே போவதையும், பறவையைப் பார்க்க மட்டும் எவருக்கும் நேரமில்லாமற் போவதையும் அக்கதை கேலி செய்கிறது. ஆனால் தாகூர் கட்டிய மாற்றும் சமூகத்தின் படிநிலைகளிலிருந்து முற்றிலும் தப்பிவிடவில்லை. 1901இல் தொடங்கிய சாந்திநிகேதன் பள்ளி நாளடைவில் நடுத்தர வர்க்கப் பிள்ளைகளின் இடமாகவே நிலைத்தது. கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்காக 1924இல் சிக்ஷா சத்திரம் என்ற தனிப் பள்ளி தோன்றியது. தோட்டவேலை, நெசவு, சமையல் ஆகியவற்றின் வழியே கல்வி முழுமையாக நடந்தது இரண்டாவது பள்ளியில்தான்.

அங்கிருந்து வார்தாவுக்கு ஒரு நேர்ப்பாதை உண்டு; அதில் நடந்தவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். சாந்திநிகேதனில் பணியாற்றிய ஈ. டபிள்யூ. ஆரியநாயகமும் அவர் துணைவியார் ஆஷாதேவியும் பின்னர் காந்தியிடம் சென்றார்கள். 1937 அக்டோபரில் வார்தாவில் நடந்த மாநாடு, ஏழாண்டுக் கட்டாயக் கல்வி, தாய்மொழி, கைத்தொழிலை நடுவாகக் கொண்ட பாடம் என்னும் கொள்கைகளை ஏற்றது. ஜாகிர் உசேன் தலைமையில் பாடத்திட்டம் வகுத்த குழுவில் ஆரியநாயகத்தோடு ஜே. சி. குமரப்பாவும் இடம்பெற்றார். தக்ளியில் நூல் நூற்கும் பிள்ளை பருத்தியின் தாவரவியலையும் நூலின் கணக்கையும் துணி வாணிகத்தின் வரலாற்றையும் அதன் வழியே கற்கும் என்பது எண்ணம். பிள்ளைகள் செய்யும் பொருளின் விலை ஆசிரியர் ஊதியத்துக்கு ஈடாகும் என்பது காந்தியின் எதிர்பார்ப்பு. இந்த இடத்தில்தான் பொருளியலாளர் கே. டி. ஷா போன்றோர் மாநாட்டிலேயே மறுப்பு எழுப்பினர். பள்ளி ஒரு தொழிற்கூடமானால் பிள்ளைகளின் உழைப்பு விற்பனைக்கு வரும். ஊர்க் கைவினைஞரோடு அது போட்டியும் போடும்.

வெளிப்படையாகப் பேசப்பட்ட மறுப்பு அது. ஆழத்தில் மற்றொன்று இருந்தது. தறியிலிருந்தும் சக்கரத்திலிருந்தும் தன் பிள்ளையை விடுவிப்பதற்காகவே பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரிடம், பள்ளியிலும் தறிதான் என்று சொல்வது எப்படி? தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1953இல் ராஜாஜியின் தொடக்கக்கல்விச் சீர்திருத்தம், ஆதாரக் கல்வியின் சாயலோடு, பள்ளி நேரத்தைப் பாதியாக்கி மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. நாடு அதற்குக் குலக்கல்வி என்று பெயர் சூட்டியது. மறு ஆண்டே ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அனுபவம் என்பது எல்லாருக்கும் ஒரே பொருள் தரும் சொல் அன்று என்பதை அந்தப் போராட்டம் உறுதி செய்தது. குயவர் வீட்டுப் பிள்ளைக்குக் களிமண்ணைப் பற்றிய அனுபவம் பள்ளி தந்துதான் வரவேண்டுமென்பதில்லை. அதே களிமண் ஏன் நீரைத் தேக்குகிறது, மணல் ஏன் வடியவிடுகிறது என்று கேட்டு, அளந்து, எழுதி, அடுத்தவரோடு வாதிடும் அனுபவம்தான் அவ்வீட்டுக்கு எட்டாதிருந்தது.

ஹோஷங்காபாத் திட்டத்தின் சிறப்பு இந்த இடத்தில் இருக்கிறது. வார்தா கைத்தொழிலை வைத்த இடத்தில் அது ஆய்வை வைத்தது.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியலாளராக இருந்த அனில் சத்கோபால் அப்பணியை விட்டு வந்து, நண்பர்களோடு நர்மதைக் கரை மாவட்டமான ஹோஷங்காபாத்தில் கிஷோர் பாரதி என்னும் அமைப்பை நிறுவினார். ரசூலியாவில் குவேக்கர்கள் நடத்திவந்த ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் அவர்களோடு சேர்ந்தது. பம்பாய் மாநகராட்சிப் பள்ளிகளில் சில இயற்பியலாளர்கள் அதற்கு முன்பே செய்துபார்த்த முயற்சி ஒரு முன்மாதிரியாக இருந்தது. டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் முறைவைத்து வந்து தங்கிப் பணியாற்றினர். இவர்கள் தனிப் பள்ளி கட்டவில்லை. அரசிடம் அனுமதி கேட்டார்கள். பாடநூலை மாற்ற, பயிற்சியை மாற்ற, இறுதியில் தேர்வையும் மாற்ற. இந்தியக் கல்வி வரலாற்றில் அரிதான நிகழ்வு மூன்றாவது அனுமதி.

திட்டத்தின் நூலுக்கு 'பால் வைஞானிக்' என்று பெயர். சிறார் அறிவியலர் என்று பொருள். அதில் விடைகள் இல்லை. சோதனைக்கான வழிமுறையும் அடுக்கடுக்கான கேள்விகளும் நிரப்ப வேண்டிய அட்டவணைகளும் இருந்தன. நான்கு நான்கு பேராக அமர்ந்து பிள்ளைகள் செய்து பார்க்க வேண்டும். கண்டதைத் தம் குறிப்பேட்டில் தம் சொற்களில் எழுத வேண்டும். அந்தக் குறிப்பேடே அவர்களுடைய பாடநூலாகிவிடும். தொடக்கப் பாடங்களுள் ஒன்று நீளம் அளத்தல். ஒரே மேசையைப் பலர் அளந்தால் ஒவ்வொருவருக்கும் சற்றே வேறான எண் கிடைக்கும். வழக்கமான வகுப்பில் ஆசிரியர் சரியான விடையைச் சொல்லிப் பிறவற்றை அடித்துவிடுவார். இங்கே அந்த வேறுபாடே பாடப்பொருள். அதற்குப் 'பிழை' என்னும் பொருள் தரும் கலைச்சொல்லைத் தவிர்த்து, 'கட்-பட்' என்ற அன்றாட இந்திச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்; நம் வழக்கில் ஏற்றக்குறைச்சல் என்று சொல்லலாம். சிறிய மாற்றம்தான். ஆனால் பிழை என்றால் பிள்ளை குற்றவாளி. ஏற்றக்குறைச்சல் என்றால் அளவீட்டின் இயல்பு. கலைச்சொல்லாக்கம் பற்றிய நம் விவாதங்கள் தூய்மையா கடனா என்பதிலேயே நின்றுவிடுகின்றன; ஒரு சொல் வகுப்பறையில் யாரைத் தலைகுனிய வைக்கிறது என்று கேட்பது அரிது.

மற்றொரு பாடத்தில் நாணயத்தைச் சுண்டிச் சுண்டிப் பூவா தலையா என்று குறித்துக்கொண்டு நிகழ்தகவுக்குள் நுழைந்தார்கள். விலங்குகளின் வாழ்க்கைச் சுழற்சிக்கு ஈயின் முட்டைகளைச் சாணத்திலிருந்து எடுத்துவந்து பாட்டிலில் வைத்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாகும்வரை நாள்தோறும் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் என்றால் சாணம் இல்லாத இடம் என்று நம்பியிருந்த ஊர்களில் இது எளிதாக நடந்திருக்காது. வகுப்பில் எழும் கேள்விகளைப் பிள்ளைகள் 'சவாலிராம்' என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதலாம், பதில் வரும். 1978இல் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த அர்விந்த் குப்தா என்னும் பொறியாளர், சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் கொண்டு வடிவங்கள் கட்டும் விளையாட்டை இங்குதான் கண்டுபிடித்தார். அந்தத் தீக்குச்சி மாதிரிகள் பின்னர் நாடெங்கும் பரவின.

இதன் சுமை முழுவதும் ஆசிரியர்மீது விழுந்தது. கோடையில் மூன்று வாரப் பயிற்சி, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்றாக மூன்று ஆண்டுகள். அங்கே அவர்கள் மாணவராக அமர்ந்து அதே சோதனைகளைச் செய்தார்கள். ஆண்டு முழுவதும் மாதந்தோறும் கூட்டம். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பேச. பிள்ளைகள் முன் 'எனக்குத் தெரியவில்லை, பார்ப்போம்' என்று சொல்வது ஓர் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு எத்தனை பெரிய தாவல் என்பதைப் பாடநூல் பண்பாட்டின் வரலாறு அறிந்தவரே உணர முடியும். பல ஆசிரியர்கள் அந்தத் தாவலைச் செய்தார்கள். பின்னர் அவர்களே பிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள், நூலைத் திருத்தினார்கள். செய்யாதவர்களும் இருந்தார்கள். சோதனைப் பெட்டியில் தீர்ந்துபோன பொருள் மீண்டும் வந்து சேர மாதங்கள் ஆகும். மாற்றலாகி வந்த ஆசிரியருக்குப் பயிற்சி இருக்காது. அத்தகைய வகுப்புகளில் 'பால் வைஞானிக்' கேள்விகளுக்கும் விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு உருவேற்ற வைப்பது அரிதான காட்சியாக இருந்திருக்க முடியாது. எந்த நூலையும் நெட்டுருவாக மாற்றிவிடும் ஆற்றல் நம் பள்ளிக்கு உண்டு.

அதைத் தடுத்துநிறுத்தியது தேர்வு. எட்டாம் வகுப்பு அறிவியல் எழுத்துத்தேர்வுக்குப் பிள்ளைகள் தம் நூலையும் குறிப்பேட்டையும் எடுத்துவரலாம். கேள்விகள் நூலில் இல்லாத சூழல்களைப் பற்றியவை: ஓர் அட்டவணை, ஒரு படம், ஒரு புதிய சோதனை, இதிலிருந்து என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது? அதோடு, கையில் பொருளைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லும் செய்முறைத் தேர்வும் உண்டு. வினாத்தாளை ஆசிரியர்களும் சேர்ந்து பயிலரங்குகளில் உருவாக்கினார்கள். பதினெட்டு மைல் தொலைவிலிருந்தோ தலைநகரிலிருந்தோ யாரோ அனுப்பும் முத்திரையிட்ட உறை அன்று அது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்ற ஒரே விதியால் மனப்பாடம் பயனற்றதாயிற்று. எவரும் அதைத் தடைசெய்ய வேண்டியிருக்கவில்லை. 1857இல் தொடங்கிய கணக்கு, ஒரு மாவட்டத்தில், மூன்று வகுப்புகளுக்கு மட்டும், தலைகீழாகப் போடப்பட்டது.

1978இல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் இதைப் பொறுப்பேற்று நடத்த ஏகலவ்யா நிறுவனம் தோன்றியது. 1985இல் 'சக்மக்' என்னும் சிறார் இதழும் வந்தது. வளர்ச்சியின் கதையை இத்தோடு விட்டுவிடலாம். நின்றுபோனதற்கான காரணங்களே அதிகம் கற்பிக்கின்றன.

பிள்ளைகள் எட்டாம் வகுப்பை முடித்ததும் ஒன்பதில் அதே பழைய பாடநூல், பத்தில் அதே பொதுத்தேர்வு. 'பால் வைஞானிக்' அணு, மூலக்கூறு போன்ற கருத்துகளை நடுநிலை வகுப்புகளில் வேண்டுமென்றே தவிர்த்திருந்தது. சோதனையால் எட்ட முடியாததைச் சொல்லிக் கொடுத்தால் அது மீண்டும் ஒப்பித்தலாகும் என்பது அதன் நியாயம். நேர்மையான நிலைப்பாடு, ஆனால் அதன் விலையை ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை கொடுத்தது. பக்கத்து மாவட்டத்துப் பிள்ளை பொருள் புரியாமலேனும் உருப்போட்டிருந்த வரையறைகள் இந்தப் பிள்ளைக்கு முதன்முறையாக வந்தன. பெற்றோர் இதைக் கண்டு அஞ்சினார்கள் என்றால் அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. நிலமோ சிபாரிசோ இல்லாத குடும்பத்துக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் ஒரே ஏணி. மனப்பாடத் தேர்வு அறிவற்றதாக இருக்கலாம். ஆனால் அதில் என்ன கேட்பார்கள் என்பது ஏழைக்கும் தெரியும். விளக்கைப் பார்த்து விடியவிடிய உருவேற்றித் தேறிய முதல் தலைமுறையினர் இந்நாட்டில் இலட்சக்கணக்கானோர். அனுபவக் கல்வியை ஆதரிக்கும் எழுத்துகள் பெரும்பாலும் இந்த ஏணியில் ஏற வேண்டிய தேவையற்றவர்களால் எழுதப்படுகின்றன. அதனால்தான் அவற்றில் மனப்பாடம் எப்போதும் கேலிப்பொருளாகிறது.

ஆகவே 2002இல் தேர்ச்சி விகிதம் பேசப்பட்டபோது அந்த வாதம் ஊரில் எடுபட்டது. நினைவாற்றலை அளக்கும் தேர்வைக் கொண்டு நினைவாற்றலை வளர்க்க மறுத்த திட்டத்தை அளப்பது முறையா என்று ஏகலவ்யா கேட்டது. நாடெங்கிலுமிருந்து அறிவியலாளரும் கல்வியாளரும் மறுப்புத் தெரிவித்தனர். பள்ளியில்லாச் சிற்றூர்களுக்கு 1997இல் கல்வி உத்தரவாதத் திட்டத்தைக் கொண்டுவந்து புகழ்பெற்ற அதே திக்விஜய் சிங் அரசு அசையவில்லை. எட்டாம் வகுப்புவரை தேர்வை மாற்ற அனுமதித்த அரசு, அடுத்த இரண்டு வகுப்புகளுக்கும் அதை நீட்டித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வி அந்த விவாதத்தில் மையத்துக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

மூன்றே ஆண்டுகளில் முரண் முழுமையாயிற்று. 1989இல் ஆர். கே. நாராயண் மாநிலங்களவையில் புத்தகப்பையின் சுமையைப் பற்றிப் பேசியதை ஒட்டி எழுந்த விவாதத்தின் தொடர்ச்சியாக, யஷ்பால் தலைமையிலான குழு 1993இல் 'சுமையற்ற கற்றல்' அறிக்கையை அளித்திருந்தது. ஹோஷங்காபாத் முயற்சியைத் தொடக்கத்திலிருந்தே ஆதரித்த இயற்பியலாளர் அவர். அவர் தலைமையிலேயே உருவான 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, அறிவைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு இணைத்தலையும் மனப்பாட முறையிலிருந்து விலகுதலையும் தன் வழிகாட்டு நெறிகளில் சேர்த்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அனுபவவழிக் கற்றலை எல்லா நிலைகளுக்கும் பரிந்துரைக்கிறது. ஹோஷங்காபாத் மாவட்டத்தின் பெயர் 2022இல் நர்மதாபுரம் என்று மாறியது. பத்தாம் வகுப்புத் தேர்வு அறைக்குள் புத்தகத்தை எடுத்துச் செல்லும் பிள்ளை இன்றும் பிடிபடும்.

2001இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஓராண்டு முழுவதும் மேசையை அளந்தும் சோதனைகளைச் செய்து பார்த்தும் கற்ற பிள்ளைகள், 2002இல் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது, விடைகள் அச்சிடப்பட்ட நூல் ஒன்று அவர்களுக்குத் தரப்பட்டது.